ஐம்பது லிட்டர் பெட்ரோலை வானில் கொண்டுபோவது எப்படி?

சொந்தக் கையால் ஒரு சிறு விமானம் கட்டிப் பறக்க வேண்டும் என்ற ஆசை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ் என்ற கார்சிகாக்காரர், தான் வடிவமைத்த விமானத்தைச் சிம்ப்சன் கம்பெனியின் பட்டறையில் கட்டுவித்து 1910-இல் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். சிம்ப்சன் அப்போது வண்டிகளுக்குக் கூடு கட்டும் நிறுவனம். ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்து ஏழு ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. நூறாண்டு கழித்து, மும்பை காந்திவலியில் அமோல் யாதவ் என்ற விமானி அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியிலேயே ஆறு பேர் அமரும் விமானம் ஒன்றைக் கட்டினார். 2016-இல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. 2017-இல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் அதைப் பதிவு செய்தது.

இந்த மாதிரிச் செய்திகளைப் படிப்பவர்கள் எஞ்சின் எங்கே வாங்கினார், இறக்கையை எப்படிச் செய்தார் என்று கேட்பார்கள். பெட்ரோல் டாங்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான்கு பக்கம் தகடு, மேலே ஒரு மூடி, கீழே ஒரு குழாய், இதில் என்ன இருக்கிறது என்ற நினைப்புதான் காரணம். வீட்டில் கட்டிய விமானங்களில் எஞ்சின் நின்றுபோய் நேரும் விபத்துகளை ஆராய்ந்தவர்கள் அப்படி நினைப்பதில்லை. அவற்றில் பலவற்றில் எஞ்சின் நல்ல நிலையில் இருக்கும், டாங்கில் பெட்ரோலும் இருக்கும், ஒன்று மற்றொன்றிடம் போய்ச் சேர்ந்திருக்காது.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வரின் மரணம். 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்ட்டரே விரிகுடாவில் அவர் ஓட்டிய 'லாங் ஈஸி' விமானம் கடலில் விழுந்தது. விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன் வரைந்த திட்டத்தை வைத்து ஒருவர் வீட்டில் கட்டி, பிறகு கைமாறி வந்த விமானம் அது. இடது டாங்கா, வலது டாங்கா என்று மாற்றிவிடும் வால்வை ரூட்டன் விமானியின் கால்களுக்கு நடுவே வரைந்திருந்தார். கட்டியவரோ அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். அந்த வால்வில் எந்தக் குறியும் இல்லை. பெட்ரோல் மட்டம் காட்டும் கண்ணாடிகள் பின் இருக்கைப் பக்கம் இருந்தன, அவற்றிலும் அளவு குறிக்கப்படவில்லை. புறப்படுமுன் வால்வின் கைப்பிடியை எட்டிப்பிடிக்க ஒரு வைஸ் கிரிப் பிளையரை மாட்டிக்கூடப் பார்த்தார்கள், பயனில்லை. பறக்கும்போது வால்வைத் திருப்ப உடலை முறுக்கித் திரும்பிய டென்வர், அறியாமல் வலது ரடரை, அதாவது வால் சுக்கானின் மிதியை, மிதித்திருக்க வேண்டும் என்று விசாரணை முடிவு கூறியது. புறப்படுமுன் சரியாகச் சோதிக்காததும், அந்த ரக விமானத்தில் போதிய பயிற்சி இல்லாததும் துணைக் காரணங்கள்.

இந்தக் குறைகள் அத்தனையும் விமானம் தரையில் நின்றபோதே கண்ணுக்குத் தெரிந்தவை. இறக்கையின் குணத்தைப் பறந்து பார்த்துத்தான் முழுதாக அறிய முடியும். எரிபொருள் அமைப்பு அப்படி அல்ல, ஏறக்குறைய முழுவதையும் கொட்டகையிலேயே சோதித்துவிடலாம். அதற்கு டாங்கின் இயற்பியல் தெரிய வேண்டும்.

மாத்தூரில் கட்டினால்

திருச்சி விமான நிலையத்தைத் தாண்டிப் புதுக்கோட்டை சாலையில் சற்றுத் தூரம் போனால் மாத்தூர் தொழிற்பேட்டை. புதுக்கோட்டை மாவட்டத்தின் வடக்கு எல்லையில் இருக்கும் இந்தப் பட்டறைகளில் பல, திருவெறும்பூர் பெல் நிறுவனத்தின் பாய்லர் வேலையை நம்பி வளர்ந்தவை. பெல் வளாகத்தில் 1975-இல் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றும் தொடங்கப்பட்டது. கசியாத மூட்டு என்றால் என்ன என்று இந்த வட்டாரத்து வெல்டருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனவே ஒரு கணக்குக்காக, மாத்தூர்ப் பட்டறை ஒன்றில் இரண்டு பேர் அமரும் சிறு விமானத்துக்கு 50 லிட்டர் டாங்க் கட்டுவதாக வைத்துக்கொள்வோம்.

50 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 25 உயரம். கொள்ளளவு சரியாக 50 லிட்டர். பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ 720 கிராம், ஆக முழு டாங்கில் 36 கிலோ. இவ்வகை விமானங்களில் பரவலாகப் பொருத்தப்படும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் சாதாரண வேகத்தில் மணிக்குச் சுமார் 18 லிட்டர் குடிக்கும். அரைமணி நேரக் கையிருப்பைக் கழித்தால் இரண்டேகால் மணி நேரம் பறக்கலாம்.

டாங்கின் ஆறு முகங்களின் மொத்தப் பரப்பு 0.85 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் செய்தால் 2.3 கிலோ, அதே கனத்தில் இரும்புத் தகடு என்றால் 6.7 கிலோ. நான்கு கிலோ என்பது தரையில் அற்பம். முந்நூறு கிலோ எடையுள்ள விமானத்தில் அதே நான்கு கிலோவைக் குறைக்கக் கட்டுபவர்கள் மாதக்கணக்கில் யோசிப்பார்கள்.

டாங்கை வைக்கும் இடம் அடுத்த கேள்வி. பறக்கப் பறக்க 36 கிலோ குறைந்துகொண்டே வரும். டாங்க் மூக்கிலோ வாலிலோ இருந்தால் விமானத்தின் எடைமையம் வழி நெடுக நகரும், விமானி அதற்கேற்பச் சரிக்கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இறக்கைக்கு அருகே வைத்தால் இந்தத் தொல்லை குறைவு. 1930-களில் வந்த பைப்பர் கப் ஜே-3 விமானத்தில் எஞ்சினுக்குப் பின்னால், விமானியின் கருவிப்பலகைக்கு முன்னால் 12 கேலன் டாங்க் இருந்தது. அதன் அளவுமானியைப் போல் எளிமையான கருவியை விமான உலகில் காண்பது அரிது. பெட்ரோலில் மிதக்கும் ஒரு தக்கை, அதில் செருகிய ஒரு கம்பி, கம்பி டாங்க் மூடியின் துளை வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் குறையக் குறையக் கம்பி இறங்கும். கண்ணாடி வழியாக விமானி அதைப் பார்த்துக்கொண்டே பறப்பார்.

தகடும் நெருப்பும்

அலுமினியம் என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லா அலுமினியமும் டாங்குக்கு ஆகாது. விமான உடலுக்குப் பயன்படும் 2024 ரகம் வலிமையானது, ஆனால் வெல்டிங் செய்தால் வெடிப்பு விடும். 6061 வெல்டிங்கைத் தாங்கும், ஆனால் சூடுபட்ட இடத்தில் பதம் இழந்து மென்மையாகிவிடும். டாங்குக்குப் பெரும்பாலோர் தேர்வது 5052. சுமார் இரண்டரை சதவீதம் மெக்னீசியம் கலந்த இந்த ரகம் வளைத்தால் உடையாது, வெல்டிங் நன்றாகப் பிடிக்கும், துருப்பிடிப்பதும் குறைவு.

பாய்லர்க் குழாயில் கைதேர்ந்த வெல்டரும் ஒரு மில்லிமீட்டர் அலுமினியத்தின் முன் கொஞ்சம் திணறுவார். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் எப்போதும் படிந்திருக்கும் ஆக்சைடு ஏடு உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். ஏடு உருகுவதற்குள் அடியிலுள்ள தகடு ஓட்டையாகி விழுந்துவிடும். ஆர்கான் வெல்டிங்கில் ஏசி மின்சாரம் வைப்பது இதற்காகவே. மின்னோட்டம் திசை மாறும் ஒவ்வொரு முறையும் அந்த ஏடு உடைந்து விலகும், அடுத்த கணம் உலோகம் உருகிச் சேரும். பழைய முறையில் கேஸ் வெல்டிங்கும் பிளக்ஸும் கொண்டு செய்தவர்கள் உண்டு. பிளக்ஸ் அலுமினியத்தை அரிக்கும். டாங்குக்குள் ஒரு மூலையில் கழுவாமல் விட்ட பிளக்ஸ் சில ஆண்டுகளில் ஊசித்துளையாக வெளிப்படும்.

வெல்டிங்கே வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் வீட்டுக் கொட்டகைகளில் கட்டப்பட்ட வேன்ஸ் ஆர்வி ரக விமானங்களில் இறக்கையின் முன்பகுதியே டாங்க். தகடுகளை ரிவெட் அடித்து, ஒவ்வொரு மூட்டுக்கும் ரிவெட்டுக்கும் பாலிசல்பைடு பசை பூசி அடைப்பார்கள். கையிலும் சட்டையிலும் ஒட்டினால் போகாத கறுப்புப் பிசின் அது. டாங்க் வேலை முடிந்த நாளைக் கட்டுபவர்கள் கொண்டாடுவதற்கு அந்தப் பிசினே பாதிக் காரணம்.

உள்ளே ஓடும் அலை

நம் டாங்கில் கால் பங்கு, அதாவது பன்னிரண்டரை லிட்டர் பெட்ரோல் இருக்கிறது. சமதரையில் அதன் ஆழம் ஆறேகால் சென்டிமீட்டர். இப்போது விமானம் மூக்கை 15 டிகிரி தூக்கி மேலேறுகிறது. 50 சென்டிமீட்டர் நீளத்துக்கு மட்டம் 13 சென்டிமீட்டருக்கு மேல் சாயும். பெட்ரோல் பின்னால் ஒதுங்கும், முன் ஓரம் காய்ந்துவிடும். எஞ்சின் முன்னால் இருக்கிறது என்று குழாயையும் முன் ஓரத்தில் வைத்தவருக்கு, அரைமணி நேரத்துக்கு மேல் பறக்கப் போதுமான பெட்ரோலை வைத்துக்கொண்டே எஞ்சின் நிற்கும். அதுவும் தரையிலிருந்து எழுந்து இன்னும் உயரம் பிடிக்காத நேரத்தில்.

குழாயைப் பின் ஓரத்துக்கு மாற்றினால் இறங்கும்போது இதே சிக்கல் தலைகீழாக வரும். ஆகவே டாங்கின் குறுக்கே தடுப்புத் தகடுகள் வைத்து, அடி மூலைகளில் சிறு துளைகள் விடுவார்கள். பெட்ரோல் மெல்ல மாறலாம், ஒரே பாய்ச்சலில் ஓட முடியாது. சில வடிவமைப்பாளர்கள் முன்புறமும் பின்புறமும் ஒவ்வொரு வாய் வைத்து, இரண்டையும் ஓரிரு லிட்டர் கொள்ளும் சிறு டாங்கில் சேர்த்து, அங்கிருந்து எஞ்சினுக்குக் குழாய் எடுப்பார்கள். எவ்வளவு செய்தாலும் கொஞ்சம் பெட்ரோல் எடுக்க முடியாமல் தங்கும். அதற்குப் 'பயன்படா எரிபொருள்' என்று பெயர். சான்றளிக்கப்பட்ட விமானங்களில் அளவுமானி பூஜ்யம் காட்ட வேண்டியது டாங்க் வறண்டபோது அல்ல, இந்தப் பயன்படா அளவு மட்டும் மிஞ்சியபோது.

விமானம் சாய்ந்து திரும்பும்போது பெட்ரோல் பக்கவாட்டில் ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். முறையாகத் திரும்பும் விமானத்தில் அது ஓடாது. ஈர்ப்பும் திருப்பத்தின் விசையும் சேர்ந்து விமானத்தின் தரையை நோக்கி நேராக இழுப்பதால், உள்ளே பெட்ரோல் மட்டமாகவே இருக்கும். விமானி ரடரைத் தப்பாக மிதித்து விமானம் வழுக்கினால்தான் அது ஒரு பக்கம் ஒதுங்கும்.

சேறோடியும் நீரோடியும்

பெட்ரோலோடு டாங்குக்குள் தண்ணீரும் தூசும் வந்தே தீரும். ஈரக்காற்று இரவில் குளிர்ந்தால் உட்சுவரில் நீர்த்துளி கட்டும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது, அடியில் போய் உட்காரும். டாங்கின் அடிமட்டத்தில் குழாய் வைத்தால் எஞ்சினுக்கு முதலில் போவது தண்ணீர்தான்.

இந்தச் சிக்கலைப் புதுக்கோட்டைப் பக்கத்து மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தீர்த்திருக்கிறார்கள். இம்மாவட்டத்துப் பழைய கண்மாய்கள் பலவற்றில், கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, கல்தூண்களோடு, நீரை வெளியேவிடும் குமிழித் தூம்பு நிற்பதைக் காணலாம். அதன் அடியிலுள்ள கல்தொட்டியில் இரண்டு வகைத் துளைகள் இருக்கும். மேலே உள்ளது நீரோடி, பாசனத்துக்குத் தெளிந்த நீர் அதன் வழியே இறங்கும். அடியில் பக்கவாட்டில் உள்ளது சேறோடி, வண்டலும் சேறும் அதன் வழியே வெளியேறும். விமான டாங்கிலும் ஏற்பாடு இதுவே. எஞ்சினுக்குப் போகும் குழாயின் வாய் அடித்தகட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் போல உயர்ந்து நிற்கும். டாங்கின் ஆகத் தாழ்ந்த இடத்தில் ஒரு குழி, குழியின் அடியில் வடித்து எடுக்க ஒரு வால்வு. குழாயின் வாயில் அங்குலத்துக்கு 8 முதல் 16 கண்கள் கொண்ட வலை. வலையின் பரப்பு குழாய்த் துளையின் பரப்பைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விமான விதி. பாதி வலை அடைத்துக்கொண்டாலும் ஓட்டம் குறையாது.

குழி தாழ்ந்த இடத்தில் இருக்க வேண்டும் என்றால் எப்போது தாழ்ந்த இடம்? வால் சக்கரம் உள்ள விமானம் தரையில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். வரைபடத்தில் விமானத்தை மட்டமாக வரைந்து பார்த்தால் குழி சரியான இடத்தில் தெரியும். கொட்டகையில் நிற்கும்போதோ தண்ணீர் பின் மூலையில் தங்கிவிடும். காலையில் வால்வைத் திறந்து வடித்தால் தெளிந்த பெட்ரோல் வரும், விமானி திருப்தியோடு புறப்படுவார், விமானம் மட்டமானதும் தண்ணீர் குழாயைத் தேடி வரும். விமானம் நிற்கும் கோணத்தில் எது தாழ்ந்த இடமோ அங்கேதான் வடிகால் வேண்டும்.

விமானப் பெட்ரோலான ஆவ்காஸ் 100 எல்எல்லுக்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள். கண்ணாடிக் குவளையில் வடித்துப் பார்த்தால் நீலத்துக்கு அடியில் நிறமற்ற கோடாகத் தண்ணீர் தெரியும். இந்த எரிபொருளை நெடுங்காலம் இறக்குமதி செய்துவந்த இந்தியா, 2022-இல் இந்தியன் ஆயிலின் வடோதரா ஆலையில் உற்பத்தியைத் தொடங்கியது.

காற்றுக்கு ஒரு வழி

பெட்ரோல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். எளிய விதி, ஆனால் இதன் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. டாங்கின் மேல்மட்டம் கார்பரேட்டரிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். பெட்ரோலைத் தள்ளும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நான்கு சதவீதம் மட்டுமே. டாங்கில் ஒரு லிட்டர் காற்று மட்டும் இருக்கிறது, காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது என்றால், நூறு மில்லிலிட்டர் பெட்ரோல் வெளியேறுவதற்குள் உள்ளே அந்த நான்கு சதவீத வெற்றிடம் உண்டாகிவிடும். ஓட்டம் அங்கேயே நிற்கும். தகடு சற்று உள்வாங்கிக் கொடுத்தால் இன்னும் ஓரிரு நிமிடம் தாக்குப்பிடிக்கலாம். எஞ்சின் தரையில் ஓட்டிப் பார்த்தபோது நன்றாக இருந்தது, மேலேறியதும் நின்றது என்பதன் பின்னணியில் இந்தக் கணக்கு இருக்கக்கூடும்.

காற்றுக்குழாயின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் முக்கியம். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றைப் பார்த்து நிற்கும் குழாயில் உண்டாகும் அழுத்தம், சுமார் 17 சென்டிமீட்டர் உயரப் பெட்ரோலுக்குச் சமம். முன்னோக்கி வளைத்தால் அந்தப் பதினேழும் நமக்கு லாபம். பின்னோக்கி வளைத்தால் அங்கே உறிஞ்சல் உண்டாகும், இருக்கும் உயரத்தையும் தின்றுவிடும். இரண்டு டாங்குகளுள்ள விமானத்தில் ஒரு குழாய் சற்று வளைந்துபோனால் ஒரு டாங்க் வேகமாகக் காலியாவதும் இதனால்தான்.

காற்றுக்குழாயை அடைப்பதற்கு நம் ஊரில் ஆள் தேட வேண்டாம். மண்கூடு கட்டும் குளவிக்குப் பென்சில் பருமனுள்ள துளை கிடைத்தால் போதும். 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசிலிருந்து புறப்பட்ட பிர்கன்ஏர் போயிங் 757 விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தனர். வேகம் அளக்கும் பிட்டோ குழாயைக் குளவிக்கூடு அடைத்திருக்கலாம் என்பதே விசாரணையாளர்களின் சந்தேகம். அது எரிபொருள் குழாய் அல்ல, ஆனால் குளவிக்கு அந்த வேறுபாடு தெரியாது. விமானம் நிற்கும்போது குழாயின் வாயில் நுண்வலையோ, எளிதில் மறக்க முடியாத சிவப்புத் துணி கட்டிய மூடியோ இருக்க வேண்டும்.

சித்திரை வெயில்

பெட்ரோல் ஒரு டிகிரி சூடேறினால் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக விரியும். விடியற்காலை 25 டிகிரியில் கழுத்து வரை நிரப்பிய நம் டாங்க், புதுக்கோட்டைச் செம்மண் வெளியில் மதியம் வரை நின்று 45 டிகிரியைத் தொட்டால், ஏறக்குறைய ஒரு லிட்டர் கூடுதல் இடம் கேட்கும். டாங்கில் இரண்டு சதவீதம் காலியிடம் விடவேண்டும் என்று அமெரிக்க விதி சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான். 50 லிட்டரில் இரண்டு சதவீதம் ஒரு லிட்டர். அந்த இடத்தை மனிதர் நினைவில் வைக்கத் தேவையில்லாதபடி, மூடியின் கழுத்தையே சற்று உள்ளே இறக்கி வைத்துவிட்டால் நிரப்புபவரால் அதற்கு மேல் ஊற்ற முடியாது.

வெயிலின் இரண்டாவது தொல்லை ஆவி. பெட்ரோல் பல பொருள்களின் கலவை, அதன் லேசான பகுதிகள் 40 டிகிரிக்கு அருகிலேயே கொதிக்கத் தொடங்கும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் கொதிப்பு இன்னும் எளிதாகும். எஞ்சின் பக்கத்தில் பம்ப் வைத்து நீளக் குழாய் வழியே உறிஞ்சினால் குழாய்க்குள் அழுத்தம் மேலும் இறங்கும், குமிழிகள் தோன்றும், பம்ப் ஆவியை மென்றுகொண்டிருக்கும். தாழ்ந்த இறக்கையில் டாங்க் வைப்பவர்கள் துணைப் பம்பை டாங்கின் வாயருகிலேயே வைத்துத் தள்ளவிடுவது நல்லது. குழாய் புகைபோக்கியருகே போகக்கூடாது, வழியில் மேடேறி இறங்கவும் கூடாது. மேட்டில் ஆவி தங்கும், பள்ளத்தில் தண்ணீர் தங்கும்.

பங்க் பெட்ரோல் ஆகுமா?

விமானத் தளம் தொலைவில், ஆவ்காஸ் விலை அதிகம், பக்கத்தில் பெட்ரோல் பங்க் இருக்கிறது என்றால் எவருக்கும் சபலம் வரும். நம் பங்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ரோட்டாக்ஸ் 912 எஞ்சினுக்கு அதன் தயாரிப்பாளர் அனுமதிப்பது 10 சதவீதம் வரைதான். டாங்குக்கும் எத்தனால் நல்ல விருந்தாளி அல்ல. கண்ணாடி இழையும் எபாக்ஸியும் கொண்டு கட்டிய பழைய டாங்குகள் பலவற்றில் அது பிசினை இளக்கியிருக்கிறது. வினைல் எஸ்டர் பிசின் அதைவிட நன்றாகத் தாங்கும். பைப்பர் கப்பின் தக்கை மிதவைமேல் பூசிய ஷெல்லாக்கை எத்தனால் கரைத்துவிடும்.

இன்னொரு வம்பும் உண்டு. எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். வெப்பம் குறைந்தாலோ, தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினாலோ, எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து ஒரே மூச்சில் பிரிந்து அடியில் இறங்கும். காலையில் வடித்துப் பார்த்தபோது தெளிவாக இருந்த பெட்ரோல், குளிர்ந்த உயரத்தில் இரண்டாகப் பிரியலாம். பெட்ரோலில் எத்தனால் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீரும் 90 மில்லி பெட்ரோலும் ஊற்றி, குலுக்கி, நிறுத்தி வையுங்கள். அடியிலுள்ள தண்ணீர்ப் பகுதி 10-ஐ விட வளர்ந்திருந்தால், வளர்ந்த அளவு பெட்ரோலிலிருந்து வந்த எத்தனால்.

கொட்டகையிலேயே பரீட்சை

டாங்க் முடிந்ததும் பட்டறையில் முதலில் எழும் யோசனை, கம்ப்ரசர் குழாயைச் செருகிக் காற்றடித்துப் பார்ப்பது. அதைச் செய்யக்கூடாது. சிறு விமானங்களின் உலோக டாங்குக்கு அமெரிக்க விதி கேட்ட சோதனை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு மூன்றரை பவுண்டு. கேட்கக் கொஞ்சம்தான். ஆனால் 50-க்கு 40 சென்டிமீட்டர் மேல்தகட்டின்மீது அது சுமார் 490 கிலோவாக விழும். பட்டறைக் கம்ப்ரசரின் ஏழு பார் முழுதும் இறங்கினால் அதே தகட்டில் பதினான்கு டன். தகடு கிழிந்து பறக்கும்.

பாதுகாப்பான வழி தண்ணீர். டாங்கை விளிம்பு வரை தண்ணீரால் நிரப்பி, ஒரு ஒளிபுகும் குழாயை மாட்டி, சுவரில் சுமார் இரண்டரை மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக் கட்டி, அதிலும் தண்ணீர் ஊற்றினால் அதே மூன்றரை பவுண்டு அழுத்தம் கிடைக்கும். மூட்டு விட்டாலும் தண்ணீர் சிந்துமே தவிர வெடிக்காது.

ஊசித்துளைக் கசிவுக்கு மட்டும் காற்றுச் சோதனை, அதுவும் வாயால் ஊதும் அளவுக்கு. ஆர்வி கட்டுபவர்கள் காற்றுக்குழாயின் வாயில் ஒரு பலூனை மாட்டுவார்கள். அழுத்தம் மீறினால் பலூன்தான் உப்பும், டாங்க் தப்பிக்கும். மூட்டெங்கும் சோப்புத் தண்ணீர் தடவினால் கசியும் இடத்தில் நுரை பொங்கும். இன்னும் நுணுக்கமாக அறிய விரும்புபவர்கள் ஒளிபுகும் குழாயை யு வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றி, மட்டத்தைக் குறித்து வைப்பார்கள். அப்போது ஒரு வேடிக்கை நடக்கும். ஒரு டிகிரி வெப்பம் மாறினாலே மட்டம் மூன்றரை சென்டிமீட்டர் நகரும். கொட்டகைக்குமேல் ஒரு மேகம் கடந்தால் டாங்க் கசிவதுபோல் தெரியும். வெப்பமண்டலத்தில் காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையே காற்றழுத்தம் இயல்பாகவே சுமார் மூன்று மில்லிபார் இறங்கும். அதற்கு ஒரு மூன்று சென்டிமீட்டர். எனவே நல்ல டாங்கை ஓட்டை என்றோ, ஓட்டை டாங்கை நல்லது என்றோ முடிவு கட்டாமல், வெப்பநிலை ஒன்றாக இருக்கும் இரண்டு விடியற்காலைகளில் மட்டத்தை ஒப்பிட வேண்டும்.

கடைசியாக ஓட்டச் சோதனை. விமானத்தில் டாங்கைப் பொருத்தி, விமானம் மேலேறும் கோணத்துக்கு மூக்கைத் தூக்கி நிறுத்தி, கார்பரேட்டரில் மாட்டும் குழாயைக் கழற்றி, அதே உயரத்தில் அளவுக் குவளைக்குள் விட வேண்டும். திறந்த வெளி, எஞ்சினும் மின்சாரமும் நிறுத்தம், விமானத்திலிருந்து தரைக்கும் குவளைக்கும் எர்த் கம்பி. எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 25 லிட்டர் கேட்கும் என்றால், புவியீர்ப்பில் இறங்கும் அமைப்பு அதைப்போல் ஒன்றரை மடங்கு தர வேண்டும், அதாவது நிமிடத்துக்கு 625 மில்லி. பம்ப் உள்ள அமைப்புக்கு ஒன்றேகால் மடங்கு போதும். இதை டாங்க் நிறைந்திருக்கும்போது செய்வதில் பயனில்லை. கடைசி இரண்டு மூன்று லிட்டரில் செய்து, ஓட்டம் அறுபடும் இடத்தில் நிறுத்தி, மிஞ்சியதை வடித்து அளந்தால் அதுவே உங்கள் டாங்கின் பயன்படா எரிபொருள். பிறகு ஐந்தைந்து லிட்டராக ஊற்றி அளவுமானியில் ஒவ்வொரு கோடாக நீங்களே போடுங்கள். 1983 ஜூலையில் ஏர் கனடாவின் போயிங் 767 நடுவானில் எரிபொருள் தீர்ந்து கிம்லி என்ற பழைய ஓடுதளத்தில் எஞ்சினில்லாமல் இறங்கியது. அளவுமானி பழுது, குச்சி விட்டு அளந்த லிட்டரைக் கிலோவாக மாற்றும்போது பவுண்டுக் கணக்கு புகுந்துவிட்டது. பெரிய நிறுவனத்துக்கே நடந்தது.

இந்தச் சோதனைகளுக்கு வேண்டியவை தண்ணீர், ஒளிபுகும் குழாய், பலூன், சோப்பு, அளவுக் குவளை, கடிகாரம். எல்லாம் சேர்ந்து ஒரு அலுமினியத் தகட்டின் விலைகூட வராது. நம் நாட்டில் சொந்தமாகக் கட்டிய விமானத்தைப் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் அனுமதி கட்டாயம், அது காலம் எடுக்கும் வேலை. காத்திருக்கும் அந்தக் காலத்தில் மாணவர்களும் ஆர்வலர்களும் டாங்கைக் கழற்றி இன்னொரு முறை சோதிக்கலாம். ஓட்டச் சோதனையில் தேறாத டாங்கை விமானத்தில் மாட்டாதீர்கள், யார் வெல்டிங் செய்திருந்தாலும் சரி.